சிறப்பிதழும் விருந்தாசிரியர் கடனும்

ஒரு பொருளையே குறித்துப் பலர் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி ஒருசேர வெளியிடும் வழக்கம் ஆராய்ச்சியிதழ்களுள் எங்கும் பரவியுளது. அங்ஙனம் வெளிவருவது சிறப்பிதழ் எனப்படும். அதனைத் திரட்டும் பணி பெரும்பாலும் இதழின் நிலையான ஆசிரியரிடத்தன்றி, அப்பொருளிற் பயின்ற வேறொருவரிடத்து ஒப்புவிக்கப்படும். அவர் அத்தொகுதியளவில் ஆசிரியராயிருந்து பின் நீங்குவர். அவரை விருந்தாசிரியர் என்ப.

விருந்து என்னுஞ் சொற்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதியராய் வந்தாரை அச்சொல் உணர்த்துதல் ஆகுபெயரான் அமைந்தது. தொல்காப்பியனார் செய்யுளியலுள் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு விருந்து எனப் பெயரிட்டதும், புதுவதாகப் புனையும் யாப்பினைக் கருதியே யாம். ஆகலின் இப்பெயர்க்கு இருவகைப் பொருத்தம் உண்டு. விருந்தாசிரியர் இதழுக்குப் புதியர். அவர் கொணரும் பொருளும் புதுமையுடையதாதல் வேண்டும்.

இவர்தங் கடன் யாது, அக்கடன் வழுவுமிடங்கள் யாவை, வழுவின் அதற்கு விடைகூறக் கடவார் யாவர் என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும். இஃது இதழ் நடத்துவார் சிலர்க்கே வேண்டுவதென்று கருதற்க. 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலக முழுவதும் 10,000க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள், வெளிவந்தபின் குற்றங் கண்டு மீட்டுக்கொள்ளப்பட்டன. அவற்றுள் 8,000க்கு மேற்பட்டவை ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அவற்றுள்ளும் மிகப் பெரும்பாலன சிறப்பிதழ் வாயிலாகவே உட்புகுந்தவை. மருத்துவர் ஒருவர் நோயாளிக்கு மருந்து வகுக்கும்போது முன்னோர் ஆராய்ச்சிகளின் தொகுப்பையே துணைக்கொள்கின்றார். அத்தொகுப்பிற் பொய் கலந்ததாயின் அதன் பயனை நுகர்வார் இதழைக் கண்ணாலும் காணாத எளியோரே என்பது உணரற்பாலது.

தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்

எட்டுத்தொகை கற்றார் இச்செய்தியை எளிதில் உணர்வர். ஐங்குறுநூறு ஐந்து புலவர் ஐந்திணைக்கும் நூறு நூறாகப் பாடிய பாட்டுக்களின் தொகுதி. மருதம் ஓரம்போகியார்க்கும், நெய்தல் அம்மூவனார்க்கும், குறிஞ்சி கபிலர்க்கும், பாலை ஓதலாந்தையார்க்கும், முல்லை பேயனார்க்கும் உரியன. பொருள்வகையான் ஒழுங்குபடுத்தப்பட்ட அத்தொகையைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர்கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரலிரும்பொறையார். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி.

தொகுத்தவர் பெயரோடு தொகுப்பித்தவர் பெயரையும் முன்னையோர் பிரித்தெழுதி வைத்தது வீண் சொல்லன்று. தொகுத்தற்குப் புலமை வேண்டும். தொகுப்பித்தற்குப் பொறுப்பு வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு. நற்றிணையைத் தொகுத்தவர் பெயர் தெரிந்திலது. தொகுப்பித்த பன்னாடு தந்த பாண்டியன் மாறன்வழுதியின் பெயரோ நிலைபெற்றது. சிறப்பிதழிடத்தும் விருந்தாசிரியர் தொகுப்பவர். இதழும் அதன் நிலையாசிரியரும் தொகுப்பிப்பவர். விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின்னும் மனை நிற்கும். அதன்கண் நிகழ்ந்த நன்மை தீமைகளும் மனையின் பெயரிலேயே நிற்கும்.

பணி நிகழுமாறு

விருந்தாசிரியர் முதற்கண் ஒரு பொருளை வரையறுத்து, அதன் இன்றியமையாமையையும், எழுதக்கூடியார் யாவர் என்பதையும், காலவெல்லையையும் காட்டி நிலையாசிரியரிடத்து ஒரு முன்வரைவு அளிப்பர். பொருள் வரையறுக்குங்கால் இலக்கணத்துக்குத் தருக்க நூலார் கூறும் மூன்று குற்றங்களையும் விலக்குதல் வேண்டும். பொருள் மிகக் குறுகின் அவ்வியாத்தி. தம்மோடு பயின்ற இருவர் மூவரே எழுதக்கூடியதாய் முடியும். மிக விரியின் அதிவியாத்தி. எக்கட்டுரையும் புகுதற்குக் கதவு திறந்ததாகும். ஒன்றோடொன்று இயையாதனவற்றைக் கூட்டின் அசம்பவம். இம்மூன்றாவது கற்பனையன்று. நிலவியல் ஆராய்ச்சிக்குரிய அரேபியன் ஜர்னல் ஆஃப் ஜியோசயன்சஸ் என்னும் இதழின் சிறப்புத் தொகுதியிலே கடல்மட்டத்தின் உயரத்தையும், கடற்கரைப் பகுதிகளில் இசையோடியைந்த உடற்பயிற்சி கற்பித்தலையும் ஒரே தலைப்பிற் பிணைத்த கட்டுரை வெளிவந்து, 2021 ஆம் ஆண்டில் நகைப்புக்கு இடனாய்ப் பின் மீட்டுக்கொள்ளப்பட்டது.

முன்வரைவு ஏற்கப்பட்டபின் அழைப்பு விடுக்கப்படும். தாம் அறிந்தார்க்கு மட்டும் திருமுகம் விடுத்தல் ஒரு முறை. யாவர்க்கும் அறிவித்தல் மற்றொன்று. முன்னது தரத்தைக் காக்கும். ஆயினும் வட்டத்தைச் சுருக்கும். பின்னது புதியாரை வெளிக்கொணரும்; ஆயினும் உழைப்பை மிகுவிக்கும். இரண்டனையும் கலந்து கொள்வாரே நன்கு செய்வார்.

வந்த கட்டுரைகள் அத்துறையிற் வல்லார் இருவர்க்கேனும் அனுப்பப்படும். முன்னாளில் நூலொன்று அரங்கேறுதற்குமுன் அவையோர் தடை நிகழ்த்த, ஆக்கியோன் விடை கூறுதல் மரபாயிருந்தது. அவ்வரங்கேற்றமே ஈண்டு எழுத்து வடிவில், பெரும்பாலும் தடை கூறுவார் இன்னாரென்று அறியப்படாத வகையில் நிகழ்கின்றது. அவ்வல்லாரைத் தேர்ந்தெடுத்தல் விருந்தாசிரியரின் தலையாய பணி. கட்டுரையாசிரியர் தாமே காட்டிய பெயர்களை ஆராயாது கொள்ளுதல், வழக்காடுவோன் சுட்டியவரையே நடுவராக்குதலை ஒக்கும்.

நான்காவது, சார்பு விலக்கல். விருந்தாசிரியர் தாம் எழுதியதனையும், தம் மாணாக்கர், உடன் எழுதினோர் எழுதியவற்றையும் தாமே ஆராய்ந்து முடிவு கூறலாகாது; அவை வேறொருவர் கையிற் செல்லல் வேண்டும். கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழ்களை ஆராய்ந்து பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. என்னும் நிறுவனம் இதற்கோர் எல்லையும் வகுத்துள்ளது. விருந்தாசிரியர் எழுதியவை தொகுதியின் மொத்தத்தில் நூற்றுக்கு 25க்கு மேற்படலாகாது என்பதும், அவையும் தனித்த ஆராய்ச்சிக்கு உட்படல் வேண்டும் என்பதும் அதன் விதி.

இறுதியாக முகவுரை. கட்டுரைகளின் பெயர்களை அடுக்கிப் புகழ்தல் முகவுரையாகாது. இவை ஒன்றோடொன்று எங்ஙனம் இயையும், எங்ஙனம் முரணும், இன்னும் ஆராயவேண்டுவது யாது என்பவற்றைக் காட்டுதலே அதன் பயன். மணிகள் பல கிடப்பினும் நூல் ஊடு செல்லாக்கால் மாலை என்னும் பெயர் இல்லை.

பயன்

இத்துணை உழைப்பினால் வரும் பயன் யாதெனின், தனித்தனி கிடந்தால் எழாத வினாக்கள் கூடியவழி எழுதலாம். ஐன்ஸ்டைனுக்கு 70 ஆண்டு நிரம்பியதனைச் சிறப்பித்து, அமெரிக்காவின் ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் என்னும் இதழ் 1949 ஜூலையில் ஒரு தொகுதி வெளியிட்டது. அதன்கண் கூர்ட் கோடெல் என்பார் எழுதிய சிறு கட்டுரையும் இடம்பெற்றது. அவர் பௌதிகர் அல்லர். கணிதத்திலும் அளவையியலிலும் பெரும் புலமை எய்தியவர். ஐன்ஸ்டைன் வகுத்த சமன்பாடுகளை மீறாமலே, காலநெறி வளைந்து தன் தொடக்கத்தை வந்து கூடும் அண்டம் ஒன்று கணிதத்தாற் கொள்ளத்தகும் என அவர் அதிற் காட்டினார். காலத்தின் இயல்பைப் பற்றிய மெய்ந்நூலாராய்ச்சி இன்றளவும் அக்கட்டுரையை விடுத்துச் செல்வதில்லை. ஒரு துறையின் புலவரை மற்றொரு துறையின் அவைக்கு அழைத்து வருதல் சிறப்பிதழின் பெரும் பயன் என்பது இதனாற் போதரும்.

வழுவுமிடங்கள்

பயன் பெரிதாதலின் இடரும் பெரிது. வழு நேரும் இடங்கள் ஐந்தெனக் கொள்ளலாம்.

முதலாவது பொருட்பற்று. எடுத்துக்கொண்ட பொருள் நிரம்பல் வேண்டும் என்னும் அவா, கட்டுரையின் தகுதியை மறைத்துவிடும். அமெரிக்காவின் சோஷியல் டெக்ஸ்ட் என்னும் இதழ் 1996 ஆம் ஆண்டில் அறிவியற் போர்கள் என்னும் பொருள்பற்றிய சிறப்பிதழொன்று வெளியிட்டது. அதனைத் தொகுத்தவர் அவ்விதழ்க் குழுவினரே. ஆயினும் பொருட்டொகைக்குரிய இடர் அதன்கண் நன்கு விளங்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஆலன் சோக்கல் என்பார், வேண்டுமென்றே பொருளற்ற கூற்றுக்களை அறிவியற் சொற்களாற் போர்த்து ஒரு கட்டுரை விடுத்தார். குழுவினர் அதனைத் திருத்தித் தருமாறு வேண்ட, அவர் உடன்பட்டிலர். ஆயினும் அறிவியலார் ஒருவர் குரல் அச்சிறப்பிதழுக்கு ஏற்புடைத்து எனக் கருதி அதனைச் சேர்த்தனர். அக்காலத்து அவ்விதழில் வெளியாரைக் கொண்டு ஆராயும் முறையும் இல்லை. கட்டுரை வெளிவந்த பின்னர்ச் சோக்கல் தம் செயலைத் தாமே வெளியிட்டார். தொகைக்கு வேண்டியது என்பது வேறு. தொகைக்குத் தகுதியுடையது என்பது வேறு என்க.

இரண்டாவது குரல்மயக்கம். முகவுரையிற் பேசுவார் விருந்தினரோ மனையுடையாரோ என ஐயுறுதல். அமெரிக்கப் புள்ளியியற் கழகத்தின் தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிஷியன் என்னும் இதழ் 2019 ஆம் ஆண்டில் 43 கட்டுரைகள் கொண்ட சிறப்பிதழொன்று வெளியிட்டது. கணக்கில் வந்த நிகழ்தகவு 0.05இற் குறையின் முடிவு புள்ளியியற் சிறப்புடையது எனக் கொள்ளும் வழக்கை அது ஆராய்ந்தது. தொகுத்தார் மூவர் விரிவானதோர் முகவுரை எழுதி, அச்சொல்வழக்கையே கைவிடுமாறு கூறினர். நற்றொகுதியே, உழைப்பும் பெரிது. ஆயினும் அம்மூவருள் ஒருவர் அக்கழகத்தின் செயற்றலைவராதலின், முகவுரைக் கூற்றுக் கழகத்தின் துணிபு எனப் பிறழ உணரப்படுமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தெளிவிக்கக் கழகத் தலைவர் அவ்வாண்டிலேயே தனிக்குழு நிறுவ நேர்ந்தது. அக்குழுவின் அறிக்கை 2021இல் வெளிவந்தது. இன்னார் கூற்று என்பதனை ஐயமறக் காட்டாத முகவுரை, உரையாசிரியர் கருத்தை நூலாசிரியர் கருத்தெனக் கொள்ள வைக்கும் ஏட்டினை ஒக்கும்.

மூன்றாவது காவலின்மை. மைக்ரோப்ராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் இதழின் சிறப்பிதழ்களில் வந்த கட்டுரைகளில் விந்தையான சொற்கள் பயின்றிருந்தமையை 2021 ஆம் ஆண்டில் கபனாக், லபே, மகஸினோவ் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் கண்டு வெளியிட்டனர். செயற்கை நுண்ணறிவு என வழங்க வேண்டிய இடத்துப் போலி உணர்வு என்பது போன்ற தொடர்கள் நின்றன. பிறர் எழுதியதனைக் கவர்ந்து, களவு தோன்றாதிருத்தற்குக் கணிப்பொறியைக் கொண்டு சொல்தோறும் வேறு சொல் மாற்றியமையால் விளைந்த திரிபே இஃதென அவர் துணிந்தனர். துறைச்சொல்லை அறிந்தான் ஒருவன் ஒருமுறை படித்திருப்பினும் இவை நில்லா. அவ்வாறாகவும் நின்றமைக்கு ஏது யாதெனின், கட்டுரைகளை ஒப்புக்கொள்ளும் கணிப்பொறி அமைப்பின் பிழையால், அத்தொகுதிகளின் கட்டுரைகள் தலைமையாசிரியர் பார்வைக்கே செல்லவில்லை எனப் பதிப்பகத்தாரே பின்னர் அறிவித்தனர். பாடபேதம் நோக்கிப் பழகியார் இதன்கண் ஒரு பாடம் கொள்வர். பொய்யை வெளிப்படுத்தியது நுண்கருவி யாதொன்றுமன்று. சொல்லைச் சொல்லாகப் படித்தலே யாம்.

நான்காவது ஆள்மாறாட்டம். ஜர்னல் ஆஃப் நானோபார்ட்டிகிள் ரிசர்ச் என்னும் இதழுக்கு, பெயர்பெற்ற அறிஞர் சிலரின் பெயரால் சிறப்புத் தொகுதி ஒன்றற்கான முன்வரைவு வந்தது. அவர்தம் மின்னஞ்சல் முகவரிகளும் மெய்யான நிறுவனங்களின் முகவரிகளைப் போன்றே அமைந்திருந்தன. உண்மையில் அவ்வறிஞர்க்கும் அதற்கும் யாதோர் இயைபும் இல்லை. தகுதியற்ற கட்டுரைகள் சில வெளிவந்த பின்னரே சூது விளங்கிற்று. அவ்விதழார் அதனை மறையாது, தம் இதழ் வஞ்சகக் கூட்டத்துக்கு இரையானமையை 2020 ஆம் ஆண்டில் தாமே எழுதி வெளியிட்டனர். பிறர்க்கு எச்சரிக்கையாக அவர் அங்ஙனம் செய்தமை பாராட்டற்பாலது.

ஐந்தாவது பொருளீட்டல். இதுவே ஏனைய நான்கனையும் வளர்ப்பது. படிப்பார் கட்டணமின்றிப் படிக்கவும், எழுதுவார் கட்டுரைதோறும் கட்டணம் செலுத்தவும் அமைந்த இதழ்கள் இந்நூற்றாண்டிற் பெருகின. படிப்பார்க்கு அது நன்மையே. ஆயினும் கட்டுரை மிகுந்துழி வருவாய் மிகும். சிறப்பிதழ் மிகுந்துழிக் கட்டுரை மிகும். விருந்தாசிரியரோ பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர். எனவே விருந்தாசிரியரைப் பெருக்குதலே வருவாய் வழியாயிற்று. கெய்ரோவில் 1997இல் தோன்றிய ஹிந்தாவி என்னும் பதிப்பகத்தை, அமெரிக்காவின் வைலி நிறுவனம் 2021இல் விலைக்குக் கொண்டது. அதன் சிறப்பிதழ்களிலே கட்டுரை செய்து விற்கும் கூட்டத்தார் புகுந்தமை வெளிப்பட, 2022 இறுதியிற் சின்னாள் சிறப்பிதழ்ப் பணியே நிறுத்தப்பட்டது. 2023இல் நான்கு இதழ்கள் மூடப்பட்டன; முன்னர்க் கூறிய 8,000க்கு மேற்பட்ட மீட்பும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஹிந்தாவி என்னும் பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. விருந்தினர்க்குத் திறந்த கதவின் வழியே மனையின் பெயர் வெளியேறிய வாறு இது.

தடையும் விடையும்

அற்றேல், சிறப்பிதழ்களை அறவே ஒழித்தல் நன்றன்றோ எனின், அங்ஙனம் கருதுவாரும் உளர். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் 2024 பிப்ரவரி முதலாகச் சிறப்பிதழ்க் கட்டுரைகளின் வெளியீட்டுக் கட்டணத்துக்குப் பொருளுதவுதலை நிறுத்திவிட்டது. பொதுப்பணத்தைக் காப்பார் அங்ஙனம் துணிதல் அவர்தங் கடனுக்கு ஏற்றதே. ஆயினும் தொகைப்பணியையே குற்றமென்றல் பொருந்தாது. மேற்காட்டிய ஐந்தனுள்ளும் வழுவிற்குக் காரணம் தொகுத்தல் அன்று. தொகுப்பித்தார் தங் கடனைத் தொகுப்பார் தலையில் ஏற்றிவிட்டு, அல்லது தாமே அதனை மறந்து, அகன்றமையேயாம்.

இன்னும், விருந்தாசிரியர் புலமையுடையராயின் நிலையாசிரியர் அவர் முடிவிற் றலையிடுதல் அவமதிப்பாகாதோ எனின், ஆகாது. புலமை வேறு, பொறுப்பு வேறு என்பது முன்னரே காட்டப்பட்டது. பதிப்பு நெறி வகுக்கும் கோப் என்னும் அமைப்பு 1997இல் இங்கிலாந்தில் தோன்றியது. அவ்வமைப்பு 2023இல் விருந்தாசிரியர் தொகுதிகளுக்கெனத் தனியே நெறி வகுத்து வெளியிட்டது. டி.ஓ.ஏ.ஜே.யின் விதியும், சிறப்பிதழ் உட்பட இதழ் முழுவதற்கும் தலைமையாசிரியரே பொறுப்பாளர் என வரையறுக்கின்றது. விருந்தாசிரியர் இன்னாரென்று நேரிற் றெளிதல், அவர் தகுதியை ஆராய்தல், பணியிடையே கண்காணித்தல் என்பன மனையுடையார் கடன். பழுதற்ற விருந்தாசிரியர்க்கு இக்கண்காணிப்பு அரணேயன்றி இழுக்கன்று. அவர் தொகுத்த மெய்யாராய்ச்சிகள் பொய்யோடு ஒருங்கெண்ணப்படாமற் காப்பது அதுவே.

மற்று, மீட்டுக்கொண்டால் குற்றம் தீர்ந்ததன்றோ எனின், முற்றுந் தீராது. ஒரு கட்டுரை வெளிவந்த நாள்முதல் பிறர் அதனை எடுத்தாளுவர். எடுத்தாண்டதனை மற்றொருவர் எடுத்தாளுவர். மூலத்தை மீட்டபின்னும் கிளைகள் நிற்கும். ஏட்டிற் பிழைத்த பாடம் பெயர்த்தெழுதுந்தோறும் பெருகுதல் போல்வது இது. ஆதலின் வருமுன் காத்தலே கடன். வந்தபின் மீட்டல் கழுவாய் மாத்திரையே.

விருந்தாசிரியராக அழைக்கப்படுவார்க்கும் ஒன்று கூறற்பாலது. தம் துறையோடு இயையாத இதழிலிருந்து, தம் பணிகளைக் கல்லாதே புகழ்ந்து வரும் அழைப்பை ஏற்றலாகாது. ஏற்றபின் தம் பெயரைமட்டும் தந்து, படித்தலையும் ஆராய்தலையும் பிறர்பால் விடுதலும் ஆகாது. போதிய நற்கட்டுரைகள் வாராவிடின் தொகுதியைச் சுருக்குதலோ கைவிடுதலோ இழிவன்று. ஐந்து நல்ல கட்டுரைகளைத் தந்து நின்றார் ஐம்பது கட்டுரைகளை நிரப்பினாரினும் மேம்பட்டவர்.

இதுகாறுங் கூறியவாற்றான், சிறப்பிதழ் என்பது அறிவு பெருக்குதற்கு அமைந்த நல்வாயில் என்பதும், விருந்தாசிரியர் அவ்வாயிலில் இரவற்பெயர் தாங்கி நிற்பவர் என்பதும், அப்பெயர்க்குரியார் வாயிலை விட்டகன்றவிடத்தே வழுக்கள் எல்லாம் நிகழ்ந்தன என்பதும் பெறப்பட்டன. தொகுத்தார் தாம் படித்ததன்றிப் பிறிதொன்றற்கு ஒப்பமிடாராயின், தொகுப்பித்தார் தாம் ஆராயாததன்றிப் பிறிதொன்றற்கு அஞ்சாராயின், பின்வருவார் அத்தொகையை நம்பிக் கற்பர். கற்பார் நம்பிக்கையே இதழொன்றற்கு உளதாகும் முதற்பொருள். அதனைச் செலவிட்டுக் கட்டுரை பெருக்குதல் விதைநெல்லைக் குற்றி விருந்திடுதலோடு ஒக்கும் என்க.